போட்டு வாறன் என்று எழுதுவது

எழுவைதீவில் வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது நன்றி சொல்வதில்லை. சொன்னால் ஊற்றிக் கொடுத்தவளுக்குக் கோபம் வரும். "என்ன, பிறத்தியார் மாதிரிக் கதைக்கிறாய்?" என்பாள். படலையடியில் நின்று "அப்ப போட்டு வாறன்" என்றால் அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நன்றியை நாங்கள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பது செத்தவீட்டுக்குப் பிறகுதான். முப்பத்தோராம் நாள் நினைவு மலரான கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் "நன்றி நவிலல்" இருக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் போனில், "இன்ரவியூ முடிஞ்ச இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ள நன்றிக் கடிதம் அனுப்பிப் போடு" என்று சொன்னால் திகைக்காமல் என்ன செய்வார்கள்? போன மாதம் ஒருத்தி வந்து கேட்டாள்: "அப்பு, கல்வெட்டில போடுற மாதிரியோ எழுதிறது?"

நான் முப்பது வருசத்துக்கு மேல் இலிகிதராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் ஒரு தொண்டு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக் குழுவில் சில காலம் இருந்தேன். மேசைக்கு இந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

1. முதலில் கூப்பிட்டது யார் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பித்த அரச வேலையென்றால் நன்றிக் கடிதம் வேண்டாம். அங்கே நேர்முகம் பல வேளைகளில் சான்றிதழ் சரிபார்ப்போடு முடிந்துவிடும். புள்ளி போடுவதென்றாலும் முன்பே தீர்மானித்த திட்டப்படிதான் போடுவார்கள். உங்கள் கடிதத்துக்கு அதில் இடமில்லை. போதாததற்கு, சிபாரிசு தேடினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று பல விளம்பரங்களிலேயே எழுதியிருக்கும். நீங்கள் நல்ல மனதோடு அனுப்பிய கடிதம் வாங்குகிறவருக்குத் தலையிடியாகிவிடும். தனியார் கம்பனி, வங்கி, தொண்டு நிறுவனம், தனியார் ஆஸ்பத்திரி, யாழ்ப்பாணத்தில் இப்போது வந்திருக்கும் மென்பொருள் நிறுவனங்கள், கொழும்புக் கந்தோர்கள் இவற்றுக்கு எழுதலாம்.

2. சோளகக் காற்றுக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கு நேர்முகமென்றால் முதல் நாளே ஊர்காவற்துறைக்குப் படகேறிவிடுங்கள். காற்று உங்கள் அழைப்புக் கடிதத்தைப் பார்த்து அடிப்பதில்லை.

3. நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் "உறவினரல்லாத இருவர்" என்று ஒரு கட்டம் வரும். அதைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு மணித்தியாலத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய தீவு இது. இங்கே உறவினரல்லாத இருவரை எங்கே பிடிப்பது? ஒருவர் பெரியப்பா முறை, ஒருவர் மாமா முறை. முறையில்லாதவர் சம்பந்தி முறையாகிவிடுவார். கடைசியில் அதிபர், கிராம சேவையாளர், சமாதான நீதவான் என்று மூன்று நாலு பேரின் தலையில்தான் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் ஏறும். போனெடுத்து "இந்தப் பிள்ளை எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான். நேர்முகம் முடிந்த அன்றே அவர்களிடம் போய் என்ன வேலை, யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கொழும்பிலிருந்து திடீரென அழைப்பு வரும்போது அந்த மனிதர் "எந்தப் பிள்ளை?" என்று கேட்பார். அப்படிக் கேட்டதை நான் அந்தப் பக்கத்தில் போனைப் பிடித்தபடி கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இரவு படுக்க இடம் தந்த மாமியையும் மறக்க வேண்டாம். அவவுக்குக் கடிதம் வேண்டாம். அடுத்த முறை போகும்போது கொஞ்சம் ஒடியல் கொண்டுபோனால் போதும்.

4. இனிக் கடிதம். ஐந்தாறு வரி. அன்றிரவே எழுதி அடுத்த நாள் காலை அனுப்புங்கள். அந்த அறையில் இருந்த நீங்கள் மட்டுமே எழுதக்கூடிய ஒரு விசயம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பாமல் விடலாம்.

மீன் ஏற்றுமதிக் கம்பனி ஒன்றின் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்குப் போன பொடியன் ஒருவன் எழுதியதைக் காட்டினான். முதல் எழுத்தில் "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி என்னைக் கௌரவித்தமைக்குச் சிரம் தாழ்த்தி" என்றிருந்தது. கல்வெட்டேதான். "அங்க என்ன கேட்டவை?" என்றேன். "ஐஸ் எவ்வளவு தேவைப்படும் எண்டு கேட்டவை. நான் வடிவாச் சொல்லேல்ல" என்றான். அதையே எழுதச் சொன்னேன். திருத்திய கடிதம் இப்படி வந்தது:

"நேற்றுக் காலை என்னைச் சந்தித்ததற்கு நன்றி. ஐஸ் அளவு பற்றிய உங்கள் கேள்விக்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். சோளகத்தில் வள்ளங்கள் பிந்திக் கரைசேருவதால் அந்த மாதங்களுக்குத் தனியாகக் கணக்குப் போடவேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். என் அப்பாவும் கடற்றொழிலாளிதான். மேலும் விபரம் தேவைப்பட்டால் அறியத்தரவும்."

இதற்குப் பெயர் நன்றிக் கடிதம் என்றாலும் நன்றி இருப்பது முதல் வரியில்தான். மிச்சமெல்லாம் வேலை.

5. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தை இழுக்காதீர்கள். செய்ந்நன்றியறிதலைக் குழுவில் இருப்பவர்களும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். பிள்ளையார் சுழியும் வேண்டாம், "நலம், நலமறிய ஆவல்" என்ற தொடக்கமும் வேண்டாம்.

6. பெயர். வெளியே வரும்போது வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் கேட்டு, தலைப்பெழுத்தோடு எழுதி வாங்குங்கள். சிங்களப் பெயரென்றால் காதில் விழுந்தபடி எழுத வேண்டாம். கலாநிதியைத் திரு என்று போட்டால் சிலர் மன்னிப்பார்கள், சிலர் மன்னிக்கவே மாட்டார்கள். எந்த மொழியில் கதைத்தீர்களோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் கதைத்திருந்தால் நாலு எளிய வரி போதும். அறையில் தட்டித் தடுமாறிய பிள்ளையின் பெயரில் அடுத்த நாள் பாராளுமன்றப் பேச்சுப் போல ஒரு கடிதம் வந்தால் எங்களுக்கு விளங்காதா? ஒருமுறை நாலு பேரிடமிருந்து ஒரே கடிதம் வந்தது. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. எந்தக் கொம்பியூட்டர் கடையில் அடித்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அப்போது அது கொம்பியூட்டர் கடை, இப்போது சாட்ஜிபிடி. வேறு பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

7. மின்னஞ்சலே போதும். தபாலில் போட எனக்கு ஆசைதான். ஆனால் தீவிலிருந்து கடிதம் படகேறி, ஊர்காவற்துறையில் இறங்கி, பண்ணைப் பாலம் தாண்டிப் போய்ச் சேரும்போது அங்கே ஆள் எடுத்து முடிந்திருக்கும். 2022 ஓகஸ்டில் 15 ரூபா முத்திரை 50 ரூபாவாகவும் போய்விட்டது. டீசல் ஜெனரேற்றரை நம்பியிருந்த காலத்தில் "போனில சார்ஜ் இல்லை" என்று சொல்ல முடிந்தது. இப்போது காற்றாடியும் சூரியத் தகடும் பற்றரியும் சேர்ந்த மின்நிலையம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. அந்தச் சாட்டு இனி எடுபடாது.

வட்ஸ்அப்பில் மட்டும் வேண்டாம். குழுவில் இருந்தவரின் நம்பரை மச்சானின் கூட்டாளி மூலம் எடுத்து, இரவு பத்து மணிக்குக் கும்பிடும் கைப் படத்தோடு "நன்றி சேர்" என்று அனுப்பினால், அவர் முதலில் யோசிப்பது "என்ர நம்பரை ஆர் குடுத்தது?" என்பதைத்தான்.

8. முடிவு எப்போது வரும் என்று நன்றிக் கடிதத்தில் கேட்க வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். இதை நான் பட்டுத்தான் படித்தேன். இருபத்திரண்டு வயதில் ஓர் அலுவலகத்தில் நேர்முகம் முடித்து வந்து நாலு பக்கம் எழுதினேன். அப்பாவின் சுகவீனம், தங்கச்சிமார் இருவர், ஒழுகும் கூரை எல்லாம் அதில் இருந்தன. எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று. சில வருசம் கழித்து வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னார். ஆரோ ஒரு தீவுப் பொடியன் கூரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தானாம். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கூரை உண்மையில் ஒழுகியதுதான்.

9. கிடைக்கவில்லை என்று தெரிந்தால் இன்னொரு முறை எழுதுங்கள், இரண்டு வரி. இந்தக் கடிதத்தை அனேகமாக ஒருவரும் எழுதுவதில்லை. ரொறன்ரோ மச்சாளும் இதைச் சொல்ல மாட்டாள்.

நான் குழுவில் இருந்த காலத்தில் கள உத்தியோகத்தர் வேலைக்குத் தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். இரண்டாமிடம். தெரிவாகவில்லை என்ற கடிதம் போனதும், "அறியத் தந்தமைக்கு நன்றி. அடுத்த முறையும் விண்ணப்பிப்பேன்" என்று பதில் போட்டாள். அதை அவளுடைய விண்ணப்பத்தோடு குத்தி வைத்தோம். எட்டு மாதத்தில், தெரிவானவர் வெளிநாடு போய்விட்டார். திரும்ப விளம்பரம் போடுவதா என்று கதை வந்தபோது, கோப்பைத் திறந்தால் மேலேயே அந்த இரண்டு வரி இருந்தது. உடனே அழைத்தோம். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் மூன்று மொழியிலும் சொன்னது. சிம்மை மாற்றியிருந்தாள். கடைசியில் நான் ஊர்காவற்துறை இறங்குதுறைக்குப் போய், படகுக்காரரிடம் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை வந்து நின்றாள்.

10. நம்பரை மாற்றினால் அறிவியுங்கள்.