மார்கழி மேடை: ஆடும் நாளின் தட்டும் அமரும் நாளின் தட்டும்

மார்கழி பிறந்துவிட்டது. சென்னைச் சபாக்களில் டிசம்பர் பெரும்பாலும் பாட்டுக்கு. ஜனவரி தொடங்கியதும் நாட்டிய விழாக்கள் களைகட்டும். பரதம் ஆடுவோருக்கு ஒரு நாள் காலையும் மாலையும் ஒத்திகை. மறுநாள் பகல் முழுக்கக் கச்சேரி, நடுநடுவே கேன்டீன். ஆடும் நாளில் அவசரத்தில் அரைவயிறு, உட்காரும் நாளில் வடையும் அக்காரவடிசலும் என்று சாப்பாடு தலைகீழாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: சோறு, இட்லி, தோசையை நாளுக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். பருப்பு, தயிர், முட்டை, காய், கீரை எல்லா நாளும் ஒரே அளவில் இருக்கட்டும்.

எவ்வளவு கூட்டுவது?

50 கிலோ எடையுள்ளவர் சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்குச் சுமார் 65 கலோரி செலவாகும். விடாமல் ஆடினால் 250 முதல் 300 வரை ஆகும். இரண்டு மணி நேர ஒத்திகையில் மூச்சு வாங்கும் நேரமும் திருத்தம் கேட்கும் நேரமும் போக, கூடுதல் செலவு ஏறக்குறைய 300 கலோரி. நாலு சிறிய இட்லியும் ஒரு வாழைப்பழமும் அதை ஈடுகட்டிவிடும்.

ஆடும் நாளில்

- முழுச் சாப்பாட்டை ஆடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். மாலை 6 மணிக்கு மேடை என்றால், ஒப்பனைக்கு உட்காருமுன், 2 மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்.
- நெய் மிதக்கும் வெண்பொங்கல் செரிக்க நேரமாகும். காலை ஒத்திகை முடிந்தபின் சாப்பிடுங்கள்.
- ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். வர்ணம் அரை மணி நேரத்தையும் தாண்டும். வெறும் வயிற்றோடு ஆடினால் பாதியிலேயே அரைமண்டி தளர்ந்துவிடும்.
- உடை கட்டியபின் கழிவறை போவது சிரமம் என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்காதீர்கள். குளிரில் தாகம் தெரியாது. பட்டும் மேடை விளக்கும் வேர்க்க வைக்கும். உடை கட்டும்வரை அடிக்கடி கொஞ்சம் குடியுங்கள். பிறகு மிடறு மிடறாக. ஆடி முடித்ததும் உப்பிட்ட மோர் நல்லது.
- சலங்கை கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் சாம்பார் சாதமோ, சப்பாத்தியும் முட்டையுமோ சாப்பிடுங்கள். நேரமாகிவிட்டது என்று வெறும் பாலோடு படுக்க வேண்டாம்.

உட்காரும் நாளில்

- எந்த வேளையையும் விடாதீர்கள். நேற்று உழைத்த தசை இன்றுதான் தேறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்படி நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்வோருக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.
- சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள்; கூட்டையும் பொரியலையும் குறைக்காதீர்கள்.
- கேன்டீனில் சாப்பிடுவதென்றால் அதையே அந்த வேளைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் சாப்பிட்டு, அங்கே டிபனும் சேர்ந்தால் கணக்கு தப்பும்.
- சாப்பிட்ட கையோடு காபி வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.
- இரண்டு கச்சேரிக்கு நடுவே சற்று நடந்துவிட்டு வாருங்கள்.

கவனிக்க

வளரும் பிள்ளைகளுக்கு எந்த நாளிலும் சோற்றைக் குறைக்க வேண்டாம். பசிக்கு ஏற்பச் சாப்பிடட்டும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே அளவை மாற்றுங்கள்.

மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டாலோ, பாதத்திலோ கெண்டைக்கால் எலும்பிலோ ஒரே இடத்தில் வலி நீடித்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். உழைப்புக்கு ஏற்ற உணவு நெடுநாள் கிடைக்காதபோது எலும்பு வலுவிழக்கும். தட்டடவில் பாதம் தரையில் அறையும் வேகத்துக்கு அத்தகைய எலும்பில் விரிசல் விழலாம்.

தை பிறந்து ஒத்திகை குறைந்ததும், கூட்டிய இட்லியையும் குறைத்துவிடுங்கள். மகா சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் ஆட இருப்பவர்கள், அதற்கான பயிற்சி தொடங்கும் நாளில் மறுபடி கூட்டிக்கொள்ளலாம்.