கைவாகு வராத பிள்ளைகள்

கடையில் கூட்டம் நிற்கிறது. பத்து வயது மகன் சில்லறையைக் கீழே சிந்திவிடுகிறான். அவன் மடித்த பொட்டலம் அவிழ்ந்துவிடுகிறது. "இவ்வளவு வளர்ந்தும் ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லையே!" என்று வாடிக்கைக்காரர் முன்னிலையிலேயே ஏசிவிடுகிறோம். மறுநாள் முதல் அவன் கடைப் பக்கம் வரவே அஞ்சுகிறான். சகோதரர்களே, இது நம்மவர் கடைகளில் காணாத காட்சியல்ல.

இத்தகைய பிள்ளைகளிற் சிலருக்கு 'டிஸ்பிராக்ஸியா' என்னும் குறை இருக்கலாம். பள்ளி வயதினரில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது உண்டென வைத்திய நூல்கள் கூறும். அறிவில் குறைவில்லை. கைகாலிலும் பழுதில்லை. ஒரு காரியத்தை எந்த வரிசையில், எவ்வளவு விசையோடு செய்வதென்று மூளை திட்டமிடுவதில்தான் தடங்கல். நமக்குத் தானாக வரும் வேலையை அவன் ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செய்கிறான். ஆதலால் விரைவில் களைக்கிறான். அந்தக் களைப்பைத்தான் நாம் சோம்பல் என்கிறோம்! குறைமாதப் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. தாயின் வளர்ப்பைக் குறை கூறுவது அநியாயம். அடியும் உதவாது, பயத்தில் கை இன்னும் தடுமாறும்.

முதலில் டாக்டரிடம் காட்டுக. பார்வைக் குறை முதலிய வேறு காரணங்களும் இருக்கக்கூடும். நன்றாயிருந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினால் தாமதிக்கவே கூடாது. ஆஸ்பத்திரிகளில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்னும் பயிற்சி அளிப்போர் இருக்கின்றனர்.

வீட்டுப் பயிற்சிக்குக் கைலி கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். மடிப்பையெல்லாம் வாப்பா செய்து, கடைசிச் செருகலை மட்டும் மகனுக்கு விடவேண்டும். அது கைவந்தபின் அதற்கு முந்திய மடிப்பையும் அவனே செய்யட்டும். இப்படிப் பின்னிருந்து முன்னாகப் பழக்கினால், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். உளூவில் முகம், கை, தலை, கால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லலாம். எதைக் கற்க வேண்டுமோ அதையே பழக வேண்டும். பந்து பிடித்துப் பழகியதால் எழுத்து திருந்திவிடாது.

மதரஸா உஸ்தாதிடமும் சொல்லிவைப்பது அவசியம். ஓதுவதில் கெட்டிக்காரனான பிள்ளை, பலகையில் எழுத்துக் கோணியதற்காகக் கடைசி வரிசையில் உட்காருவானேன்? பள்ளிப் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் விசாரிக்கலாம்.

பெரும்பாலோர்க்கு இக்குறை வளர்ந்த பின்னும் ஓரளவு நீடிக்கும். ஆகவே கடையிலும் அவனுக்கேற்ப ஒழுங்கு செய்வோம். சில்லறையைத் தட்டில் பரப்பி எண்ணட்டும். பொட்டலத்திற்குப் பதில் பையில் போடட்டும். விலைகளையும் பாக்கிகளையும் மனத்தில் வைத்திருக்கும் பிள்ளையானால், கணக்கைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.