பிளஸ் டூ முடியறதுக்கு முன்னாடியே ஒரு மாசம் வேலை!

உங்க வீட்டுல மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒருத்தர் ஒன்பதாவதுக்கு மேல படிக்கிறாரா? அடையாள அட்டை வாங்கியாச்சு, தேர்வுல கூடுதல் நேரமும் கேட்டு வாங்கியாச்சு. நல்லது. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த மறுநாள் என்ன பண்ணப் போறோம்னு பேசியிருக்கீங்களா?

பல வீடுகளில் அந்தப் பேச்சே வருவதில்லை. அதே தெருவுல இருக்குற மற்ற பிள்ளைங்க கோடை லீவுல மொபைல் கடையில நிக்கிறாங்க, தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடைக்குப் போறாங்க, கேட்டரிங்ல பரிமாறுறாங்க. நம்ம பிள்ளையை மட்டும் "பாவம், எதுக்கு அலைய விடணும்"னு வீட்டுல வெச்சுக்கிறோம். அது அன்புதான். ஆனா 22 வயசுல முதல் நேர்காணல்ல "இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்கும்போது, அந்தப் பிள்ளைகிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஒருவர் வேலை செய்யத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்ற கருத்தும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சரி, அந்த மாற்றம் என்னன்னு யார் சொல்றது? மேலாளருக்குத் தெரியாது. அப்பா அம்மாவுக்கும் முழுசாத் தெரியாது. ஏற்கெனவே நாலு வாரம் எங்கயாவது வேலை பார்த்த பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

பார்வை குறைவா இருக்குற பொண்ணுக்கு எழுத்து சின்னதா இருக்குறது பிரச்சினையா, இல்ல ஜன்னல் வெளிச்சம் திரையில அடிக்கிறது பிரச்சினையா? உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும். சக்கர நாற்காலியில போற பையனுக்கு மேசை உயரம் சரியா இருக்கும், கழிப்பறைக் கதவுதான் அகலம் பத்தாது. ஆட்டிசம் உள்ள பிள்ளை வேலையை அருமையாச் செய்வான், ஆனா சொல்லாம கொள்ளாம ஷிப்ட் நேரத்தை மாத்துனா அன்னைக்கு முழுக்க நிலைகொள்ளாம தவிப்பான். இதையெல்லாம் 16, 17 வயசுல பக்கத்துத் தெருக் கடையில தெரிஞ்சுக்கிட்டா நஷ்டம் இல்லை. முதல் வேலையில, அதுவும் தகுதிகாண் பருவத்துல தெரிய வந்தா வேலையே போயிடலாம்.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996-ல் நடந்தது ஒண்ணு. அவசர சிகிச்சைப் பிரிவில் தேவையான பொருட்களை அலமாரியில் நிரப்பி வைக்கிற வேலை சரியாவே நடக்கவில்லை. அந்தப் பிரிவின் செவிலியர் தலைமைப் பொறுப்பில் இருந்த எரின் ரீல், இதை ஏன் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்குக் கற்றுத் தரக்கூடாது என்று யோசித்தார். அதில் பிறந்ததுதான் 'புராஜெக்ட் சர்ச்' திட்டம். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர்கள் வகுப்பறைக்குப் பதிலா மருத்துவமனை போன்ற நிஜமான பணியிடத்துக்கே போவார்கள். ஒரே வருஷத்துல பல பிரிவுகளில் மாறி மாறி வேலை கற்பார்கள். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. இதுல கவனிக்க வேண்டியது, இரக்கப்பட்டு உருவாக்கின வேலை இல்லை அது. அங்க உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது.

நம்ம ஊர்லயும் அப்படித்தான் தேடணும். மெடிக்கல் ஷாப்ல காலாவதி தேதி பார்த்து அடுக்க ஆள் வேணும். ஜெராக்ஸ் கடையில பேப்பர் எண்ணி ஸ்பைரல் போட ஆள் வேணும். நர்சரியில கவர்ல மண் நிரப்பணும், பேக்கரியில பெட்டி மடிக்கணும், பழைய பில்லையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். வீட்டுலேர்ந்து நடந்தோ ஒரே பஸ்லயோ போகக்கூடிய தூரத்துல பாருங்க. தெரிஞ்ச கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணே. என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. காது கேட்காது. எழுதிக் காட்டினாலும் ஒரு தடவை செஞ்சு காட்டினாலும் புரிஞ்சுக்குவா. லீவுல ஒரு மாசம், தினம் மூணு மணி நேரம் உங்க கடையில வேலை கத்துக்கணும்னு ஆசைப்படுறா. சரக்கு அடுக்குறது, பில் டைப் பண்றது செய்வா. ஒரு வாரம் பார்த்துட்டு சொல்லுங்கண்ணே."

என்ன குறைபாடு, எப்படிச் சொன்னா புரியும், என்ன வேலை, எத்தனை நாள், எல்லாமே அதுல இருக்கு. கெஞ்சல் மட்டும் இல்லை.

முதல் நாளுக்கு முன்னாடியே ஒரு தடவை அதே நேரத்துல போயிட்டு வாங்க. வேலையைப் படிப்படியா போன்ல போட்டோ எடுத்து வெச்சா, மறந்தா எடுத்துப் பார்த்துக்கலாம். ஆண்ட்ராய்டு போன்ல 'டாக்பேக்' திரையில இருக்குறதை வாசிச்சுக் காட்டும். 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி பேசுறதைத் தமிழ் எழுத்தா மாத்திக் காட்டும். ரெண்டுக்கும் தனியா காசு கிடையாது. ஒரு வேண்டுகோள், கடையிலயே ஸ்டூல் போட்டு நீங்களும் உட்காராதீங்க! நான் ஜர்னலிசம் படிச்சப்போ இன்டர்ன்ஷிப் முதல் நாள் அப்பா வாசல் வரைக்கும் வந்தார். அவர் கிளம்புற வரைக்கும் யார்கிட்டயும் என்னால ஒரு கேள்வி கேட்க முடியலை.

இதுல கறாரா இருக்க வேண்டிய இடமும் உண்டு. 14 வயது முடியாத பிள்ளையைக் கடை வேலைக்கு அனுப்பவே கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தச் சட்டப்படி தடை இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பதை முதல் நாளே பேசுங்க. 'சும்மா கத்துக்கட்டும்'னு மாசக்கணக்கா இலவசமா வேலை வாங்குறது பயிற்சி ஆகாது. அப்படி நடந்தா நிறுத்திடுங்க.

பிள்ளை பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்திருந்தா, உள்ளுறைப் பயிற்சி எப்போ, எங்கேன்னு ஆசிரியர்கிட்ட கேளுங்க. "இவனுக்கு வேண்டாம் டீச்சர்"னு நீங்களே எழுதிக் கொடுத்துடாதீங்க. ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தொழில் பழகுநர் பயிற்சி இருக்கு. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆகணும், மாதாமாதம் உதவித்தொகையும் தரணும். 'அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா' தளத்தில் மொபைல்லயே பதிவு செய்யலாம்.

யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியலையா? பள்ளிக்கு வர்ற சிறப்பாசிரியர்கிட்ட ஆரம்பிங்க, அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கு. எந்த வேலை ஒத்து வரும்னு மதிப்பிட்டு வழிகாட்டுறது அதோட வேலைகளில் ஒண்ணு. மெரினா எதிரே, லேடி வெலிங்டன் வளாகத்தில் உள்ள 'மியூசியம் ஆஃப் பாஸிபிலிட்டிஸ்' அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையோட ஒரு நடை போயிட்டு வாங்க. பணியிடத்துல உதவுற கருவிகளை நேர்ல பார்க்கலாம். அங்க ஒரு காபி குடிங்க. அந்தக் கஃபேயில வேலை பார்க்கிறவங்களும் மாற்றுத்திறனாளிகள்தான்.

தனித்துவ அடையாள அட்டை இன்னும் வாங்கலைன்னா 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் இப்பவே விண்ணப்பிங்க. மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கிடைச்சு அட்டை கைக்கு வர நேரம் எடுக்கும்.

வேலையின் கடைசி நாள்ல சம்பளத்தோட ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்க. கடை முத்திரையோட அரைப் பக்கம் போதும். எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை செஞ்சாங்க, என்ன ஏற்பாடு செஞ்சப்போ வேலை சுலபமா நடந்தது, இந்த மூணும் அதுல இருக்கணும். வாங்கினதும் போட்டோ எடுத்து டிஜிலாக்கர் டிரைவ்ல ஏத்தி வெச்சிடுங்க.