தெய்வானை: எங்க அப்பாயி பேருக்குள்ள இருக்கிற யானை

ஓம் சரவணபவ. 

போன மாசம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரேவதி முதல் பாதம், "தே" எழுத்து. எனக்கு ஊர் பெரம்பலூர் பக்கம், மனைவிக்கு அரியலூர். மறைந்த எங்க அப்பாயி பேரை வைக்கணும்னு எனக்கு ஆசை: தெய்வானை. "பச்சப்புள்ளைக்கு யாராவது யானைன்னு பேரு வைப்பாங்களா? ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க மாப்ள"ன்னு அத்தை முகம் வாடிட்டாங்க. மச்சான் பாகுபலி ரசிகர், "தேவசேனா வைங்க, ஸ்டைலா இருக்கும்"னார். ரெண்டும் ஒரே அம்மாதான்னு சொன்னேன். யாரும் நம்பல. அதனால உட்கார்ந்து படிச்சேன்.

மகாபாரதம் வனபர்வத்துல தேவசேனா ஒரு பிரஜாபதியோட மகள். கேசிங்கற அசுரன் தூக்கிட்டுப் போகப் பார்க்கும்போது இந்திரன் காப்பாத்துறான். பிறகு கந்தனுக்கு மணம் முடிச்சு வைக்கிறான். சேனைன்னா படை. அதனால தேவசேனாபதின்னா தேவர் படைத் தலைவன், தேவசேனையின் கணவன்னு ரெண்டு பொருளும் வரும். அந்த அம்மாவுக்கு அங்கே சஷ்டி, அபராஜிதான்னும் பேர் சொல்லியிருக்கு. அபராஜிதான்னா யாராலும் வெல்ல முடியாதவள். வடக்கே சஷ்டி தேவி குழந்தைகளைக் காக்கிற தெய்வம், பிள்ளை பிறந்த ஆறாம் நாள் கும்பிடுவாங்க.

தமிழ்ல கதை வேற. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்துல திருமாலுக்கு அமுதவல்லி, சுந்தரவல்லின்னு ரெண்டு மகள்கள். முருகனை அடையத் தவம் இருக்காங்க. சுந்தரவல்லி வள்ளியா வர்றா. அமுதவல்லி குழந்தையா இந்திரன்கிட்ட போய் நிக்க, அவன் வளர்க்கச் சொல்லி ஐராவதத்துகிட்ட ஒப்படைக்கிறான். வெள்ளை யானை வளர்த்த பிள்ளை, அதனால தெய்வயானை. பேச்சு வழக்குல தேஞ்சு தெய்வானை. அருணகிரிநாதர் திருப்புகழ்ல "தேவகுஞ்சரி"ன்னே சொல்றார். குஞ்சரம்னா யானை. அப்போ யானை தப்பாப் புகுந்தது இல்லை, தெரிஞ்சேதான் வெச்சிருக்காங்க.

சுவாமிமலையிலும் திருத்தணியிலும் முருகன் சந்நிதி முன்னாடி மயில் இருக்க வேண்டிய இடத்துல யானை நிக்கும். கல்யாணத்துக்கு இந்திரன் கொடுத்த சீர்னு திருத்தணியில சொல்வாங்க. நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன், ஒரு தடவை கூட ஏன்னு கேட்டதில்லை.

(தேவயானி வேற ஆள். சுக்ராச்சாரியார் மகள், யயாதியின் மனைவி. நம்ம குரூப்புலயே ரெண்டையும் குழப்பிக்கிறோம்.)

இதையெல்லாம் சொன்னப்போ அத்தை, "யானை வளத்த புள்ளையா?"ன்னு மறுபடி ஒரு தடவை கேட்டாங்க. அதுக்கப்புறம் கேலிப் பேச்சை எடுக்கலை. அடுத்த சிக்கல் நட்சத்திர எழுத்து. தெய்வானை குறில்ல தொடங்குது, வேண்டியது நெடில். அப்பதான் மனைவி கேட்டா, "ஊர்ல உங்க அப்பாயியை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?"

தேவான. ரேஷன் கார்டுல மட்டும்தான் தெய்வானை. "தேவானக்கா", "தேவானத்தை"ன்னுதான் தெருவே கூப்பிடும். தேவயானைங்கற வடிவமும் வழக்குல இருக்கு. அதையே முடிவு பண்ணிட்டோம்.

செட்டிகுளம் மலையில தண்டாயுதபாணி கையில கரும்போட நிக்கிறார். அங்கே வெச்சு அப்பா குழந்தை காதுல மூணு தடவை பேரைச் சொன்னார். மூணாவது தடவை குரல் உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அவர் அந்தப் பேரைச் சொல்லலை. பெத்த அம்மா பேரை எப்படிடா வாய்விட்டுக் கூப்பிடுறதுங்கறார். அவருக்கு அவ "ஆத்தா".

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!