கூலியும் ஓர் அமானிதம்



2018 ஜனவரி 4 மாலை தமிழகமெங்கும் அரசுப் பேருந்துகள் நின்றன. நெல்லை மக்களும் தவித்தார்கள். ஊதிய உயர்வு மட்டும் கோரிக்கையல்ல. தங்கள் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியை உரிய இடத்தில் செலுத்துமாறும் தொழிற்சங்கங்கள் கேட்டன. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்த பிறகே, எட்டாம் நாள் போராட்டம் முடிந்தது.

பிடித்த பணம் நிர்வாகத்தின் சொத்தல்ல, அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:58). பேருந்தை நம்பிய பயணியும் தொழிலாளிக்கு ஓர் அமானிதமே.

நம் நிலை என்ன? மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரிக்கு, கடையில் நிற்கும் பையனுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா? வியர்வை உலருமுன் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இன்றே கொடுத்துவிடுங்கள்!