விளக்கமும் கணக்கும் ஒன்றுதானா?

கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய நம் வியாபாரிகளிற் பலர், அதன் விதிகளை விளக்கும் குறிப்பேடு ஒன்றையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைத்திருக்கின்றனர். நல்ல காரியமே. ஆனால் ஏட்டில் உள்ள கணக்கைத்தான் இயந்திரமும் போடுகிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

கிள்ளானில் நமக்கு வேண்டிய ஒருவரின் மளிகைக் கடையில் கண்டதைச் சொல்லுகிறோம். 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு காசு நாணயம் வெளியிடுவது நின்று, ரொக்கப் பட்டியலின் மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிப்படுத்தும் வழக்கம் வந்தது யாவரும் அறிந்ததே. கடைசி இலக்கம் 1, 2 ஆனால் தள்ளிவிட வேண்டும். 3, 4, 6, 7 ஆனால் ஐந்தாக்க வேண்டும். 8, 9 ஆனால் பத்தாக்க வேண்டும். குறிப்பேட்டில் "மொத்தத்தை" என்று சரியாகவே எழுதியிருந்தது. இயந்திரமோ ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே சரிப்படுத்திற்று. 1 வெள்ளி 3 காசு விலையுள்ள மூன்று பொருள்களுக்கு 3 வெள்ளி 10 காசு வாங்க வேண்டிய இடத்தில் 3 வெள்ளி 15 காசு வாங்கிற்று. ஐந்து காசுதானே என்பீர்கள். எத்தனை மாதம், எத்தனை வாடிக்கைக்காரர்! யாரிடம் கூடுதலாக வாங்கினோம் என்று தெரியாமல், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் அவர் பட்ட சங்கடம் கொஞ்சமன்று.

விளக்கம் ஓரிடத்திலும் நிரல் வேறிடத்திலும் கிடந்தால் இப்படி ஆவது இயல்பு. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் இதற்கு ஒரு வழி கண்டு 1984-இல் எழுதினார். 'லிட்டரேட் புரோகிராமிங்' என்பது அதன் பெயர். மனிதர் படிக்கும் விளக்கமும் இயந்திரம் நடத்தும் நிரலும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும். (தம் நூல்களிற் பிழை கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 காசுக்குச் செக் அனுப்பி வந்த மனிதர் அவர்!)

அருகருகே வைத்தால் மட்டும் போதுமா? போதாது. 'ஜுபிட்டர்' என்னும் இவ்வகை ஏடுகளில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ச்சியாளர் சிலர் மறுபடி நடத்திப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். தடையின்றி ஓடியவை நூற்றுக்கு 24. முன்பு காட்டிய விடையையே மறுபடியும் காட்டியவை நூற்றுக்கு 4! எழுதியவர் பகுதிகளை முன்பின்னாக நடத்தியிருப்பார். வேண்டிய துணைக்கோப்பு இல்லாது போயிருக்கும். ஆகவே ஏட்டைத் திருத்தும்போதெல்லாம், புதிதாகத் திறந்து, முதற் பகுதியிலிருந்து வரிசையாக நடத்த வேண்டும்.

நடத்தினால் விடையையும் ஒப்பிட வேண்டுமல்லவா? பைத்தான் மொழியில் 2001 முதல் 'டாக்டெஸ்ட்' என்னும் கருவி இருக்கிறது. ஏட்டில் >>> என்னும் குறிக்குப் பின் ஒரு கணக்கையும், அடுத்த வரியில் வரவேண்டிய விடையையும் எழுதிவிட்டால், கருவி கணக்கை நடத்தி, விடை மாறினால் அந்த இடத்தைக் காட்டிவிடும்.

நம் காசுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தொகையைக் காசாக்கி, 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளி, 5-ஆல் பெருக்க வேண்டும். 1232 காசு 1230 ஆகும். 1233 காசு 1235 ஆகும். மாதிரிக்கு 1233 ஒன்றை மட்டும் வைத்தால், எதையும் மேலேயே ஏற்றும் தவறான நிரலும் தேறிவிடும். ஆகவே 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களுக்கும் மாதிரி வேண்டும். அந்த விடைகளையும் விதியைப் பார்த்துக் கையாற் போட வேண்டும். இயந்திரம் காட்டியதையே எடுத்து ஒட்டுவோர் உண்டு; கணக்குப்பிள்ளை தன் பேரேட்டைத் தானே தணிக்கை செய்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இக்கருவி உரைநடையைப் படிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். 2024 மார்ச் 1-இல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆயிற்று. உணவகங்களுக்கு 6-ஆகவே நின்றது. பிரிக்பீல்ட்ஸில் உணவகத்தோடு வேறு சேவைத் தொழிலும் நடத்துபவர் இரண்டுக்கும் தனித்தனி மாதிரி வைப்பதோடு, விளக்கத்தில் எழுதிய எண்ணையும் கண்ணாற் பார்த்துத் திருத்த வேண்டும்.

கிள்ளான் கடையில் பத்து மாதிரிகளும் முதல் நாளே தேறின. ஒற்றைத் தொகையைச் சரிப்படுத்துவதில் பிழையில்லை. அதை எந்த இடத்தில் செய்வது என்பதில்தான் பிழை. அதனால் 1 வெள்ளி 3 காசுச் சாமான் மூன்று கொண்ட முழுப் பட்டியலைப் பதினோராவது மாதிரியாகச் சேர்த்தோம். அதுதான் பிழையைக் காட்டிற்று.