சமூக சேவைத் தண்டனை: பணியிடம் தேடும் முறை

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இல்லாத ஒரு தண்டனையைத் தன் 4ஆவது பிரிவில் சேர்த்தது: சமூக சேவை. ஊருக்குப் பயன்படும் வேலையை ஊதியம் இன்றிச் செய்வதே அது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆவது பிரிவு விளக்குகிறது. எங்கே, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்பதை இரண்டு சட்டங்களும் வரையறுக்கவில்லை. அந்த முடிவு நடுவர் கையில் இருக்கிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் பொருத்தமான இடத்தை அவரிடம் முன்வைக்கலாம். ஆகவே, இடம் தேடும் வேலையைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

முதலில், வழக்கு இந்தத் தண்டனைக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆறு குற்றங்களுக்கே இது பொருந்தும். அரசு ஊழியர் சட்டவிரோதமாக வணிகத்தில் ஈடுபடுவது (பிரிவு 202), நீதிமன்றப் பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாதது (209), அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது (226), 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடியது (303), குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை தருவது (355), அவதூறு (356) ஆகியவை அவை. திருட்டில் கூடுதல் நிபந்தனை உண்டு. அது முதல் தண்டனையாக இருக்க வேண்டும்; பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்திருக்க வேண்டும்.

அடுத்து, இடம். அந்த நீதிமன்றத்தில் நிறுவனங்களின் பட்டியலோ வழிகாட்டு விதிகளோ இருக்கின்றனவா என்று வழக்கறிஞர் மூலம் முதலில் விசாரிக்க வேண்டும். இருந்தால் அதை விட்டு வெளியே தேட வேண்டியதில்லை. இல்லாவிட்டால், அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, பொது நூலகம், மாநகராட்சிப் பூங்கா, ஊராட்சியின் குளம், முதியோர் இல்லம், விலங்குகள் காப்பகம் ஆகியவற்றில் விசாரிக்கலாம். தனியார் அறக்கட்டளையைவிட அரசு நிறுவனமே நல்லது. அங்கே வருகைப் பதிவேடு இருக்கும், பொறுப்பதிகாரி இருப்பார், நீதிமன்றம் அவர் கையெழுத்தை எளிதில் ஏற்கும். உறவினரோ நண்பரோ நடத்தும் அமைப்பை நாடவே கூடாது. உண்மையாகவே வேலை செய்திருந்தாலும் சந்தேகம் எழும்.

குற்றத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் தண்டனைக்குப் பொருள் கூடும். சாலையில் பைக் பந்தயம் விட்ட இளைஞர் ஒருவருக்கு 2022இல் ஜாமீன் வழங்கிய சென்னை உயர் நீதிமன்றம், அரசு மருத்துவமனை ஒன்றின் விபத்து சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் உதவ வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அது ஜாமீன் நிபந்தனைதான், தண்டனை இல்லை. ஆனால் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி. குடிபோதை வழக்கில் தண்டிக்கப்படுபவரும் அப்படியொரு பிரிவில் உதவலாம். திருட்டு வழக்கு என்றால், பணமோ பிறர் உடைமையோ புழங்காத இடம் இரு தரப்புக்கும் நிம்மதி.

எந்த இடமானாலும் மனிதரை இழிவுபடுத்தும் வேலையை ஏற்கக் கூடாது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளும் பணியில் அமர்த்துவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழுத்தில் அட்டை மாட்டி வீதியில் நிறுத்துவது சேவையே ஆகாது.

இடம் பிடிபட்டதும், அதன் பொறுப்பாளரிடம் நேரில் போய் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, இசைவுக் கடிதம் வாங்க வேண்டும். மருத்துவமனையில் கண்காணிப்பாளர் அல்லது நிலைய மருத்துவ அலுவலர், பள்ளியில் தலைமையாசிரியர், பூங்காவுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகம். என்ன வேலை, எந்தக் கிழமைகள், எந்த நேரம், யார் மேற்பார்வை என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர் வேலைக்கு முந்தைய காலை நேரத்தையோ ஞாயிற்றுக்கிழமையையோ கேட்டுப் பெறுவது முக்கியம். குடும்பம் பட்டினி கிடந்தால் தண்டனையை ஒழுங்காக முடிக்க முடியாது.

தண்டனை குறித்து நடுவர் கேட்கும்போது வழக்கறிஞர் இந்தக் கடிதத்தைத் தாக்கல் செய்யலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் உரிமை. உத்தரவில் இடத்தின் பெயர், மொத்த மணி நேரம், முடிக்க வேண்டிய தேதி, அறிக்கை தர வேண்டிய அதிகாரி ஆகியவை தெளிவாக இல்லையென்றால் அன்றே விளக்கம் கேட்டுவிட வேண்டும். பிறகு நகல் மனு போட்டு, சான்றிட்ட நகலைப் பெற்று, பணியிடத்தில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

வேலை தொடங்கியபின் ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி நாளில் மொத்தமாக வாங்கிய கையெழுத்து கேள்விக்குள்ளாகும். உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவச் சான்றோடு நீதிமன்றத்தில் அவகாச மனு தாக்கல் செய்ய வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் சிறைத் தண்டனை வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வேலை முடிந்ததும் பணியிடத்தில் நிறைவுச் சான்று வாங்கி, அதை நீதிமன்றத்தில் சேர்த்து, ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறார் வழக்குகளில் பாதை வேறு. அங்கே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்கீழ் இளைஞர் நீதிக் குழுமமே, மேற்பார்வையிடும் நிறுவனத்தையோ நபரையோ குறித்துச் சமூக சேவைக்கு உத்தரவிடுகிறது. பெற்றோர் நன்னடத்தை அலுவலரிடம் பேசினால் போதும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கான தேசிய எண் 15100.